தகனக் கணக்கில் எல்லைப்படுத்தும் தாக்கி: எந்த வழியை எப்போது எடுப்பது?

"சேர், பள்ளிக்கூடத்தில ஒரு மாதிரிச் செய்யினம், ரியூசனில இன்னொரு மாதிரி, அண்ணாவின்ர கொப்பியில வேற மாதிரி. நான் எதைப் பிடிக்கிறது?"

தகனக் கணக்கில், அதாவது ஒன்று ஒட்சிசனில் எரிகிற கணக்கில், எல்லைப்படுத்தும் தாக்கியைக் கண்டுபிடிக்கும் வழியைப் பற்றி, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து உயர்தரப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. எல்லைப்படுத்தும் தாக்கி என்பது முதலில் தீர்ந்து தாக்கத்தை நிறுத்திவிடுகிற பொருள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வன்னியில் ஒரு பிள்ளை இரசாயனவியலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆளிடம் படிப்பது அரிது. ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விடுவார், புதியவர் வர நாளெடுக்கும், இடையில் ஒரு விடுமுறைக் கருத்தரங்கு நடக்கும், மிச்சத்துக்கு மூத்தவர்களின் கொப்பிதான். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய வழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவை எல்லாமே சரியான வழிகள். ஆனால் எல்லாக் கணக்குக்கும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை. தகனக் கணக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒட்சிசன் போதாத இடத்தில் நடக்கிற தாக்கமே வேறு என்பதுதான் காரணம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, கை வேகம். உயர்தர இரசாயனவியல் முதலாம் பத்திரத்தில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 செக்கன். கல்குலேற்றர் கிடையாது. ஆகவே ஒரு வழி எத்தனை வகுத்தல் பெருக்கல் கேட்கிறது என்பது சின்ன விசயமில்லை.

இரண்டாவது, மிஞ்சியது எவ்வளவு என்பதும் அதே வேலையில் கிடைக்குமா? "எரிந்த பின் பாத்திரத்தில் என்னென்ன இருக்கும்?" என்று கேட்டால் விளைவின் அளவு மட்டும் போதாது.

மூன்றாவது, பிழை விட்டால் அது கண்ணில் படுமா? என்னைக் கேட்டால் வேகத்தைவிட இது முக்கியம். பரீட்சை மண்டபத்தில் விடையைத் திருத்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

நான்காவது தகனத்துக்கே உரியது. ஒட்சிசன் தட்டுப்பட்டு காபனோரொட்சைட்டு (CO) வரும் கணக்கிலும் அந்த வழி தாங்குமா?

எல்லா வழியையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம். மூடிய பாத்திரம் ஒன்றில் 8.8 கிராம் புரப்பேனும் 24 கிராம் ஒட்சிசனும் இருக்கின்றன. பூரண தகனம் என்று கொள்ளுங்கள்.

1 புரப்பேன் + 5 ஒட்சிசன் → 3 காபனீரொட்சைட்டு + 4 நீர்

புரப்பேனின் மூலர்த் திணிவு (ஒரு மூலின் கிராம்) 44, ஆகவே 8.8 ÷ 44 = 0.20 மூல். ஒட்சிசன் 32, ஆகவே 0.75 மூல். இதுவரை எல்லா வழிக்கும் பொது. இதற்கு முன்பு சமன்பாட்டைச் சமன்படுத்தவில்லையென்றால் எந்த வழியும் காப்பாற்றாது.

## குணகத்தால் வகுக்கும் வழி

ஒவ்வொரு தாக்கியின் மூல் அளவையும் சமன்பாட்டில் அதற்குரிய குணகத்தால், அதாவது அதன் முன்னால் நிற்கும் எண்ணால், வகுக்க வேண்டும். புரப்பேனுக்கு 0.20 ÷ 1 = 0.20. ஒட்சிசனுக்கு 0.75 ÷ 5 = 0.15. சிறியது ஒட்சிசனுடையது, ஆகவே அதுதான் எல்லைப்படுத்தும் தாக்கி. இரண்டு வகுத்தலோடு விசயம் முடிந்தது. வேகத்தில் இதை வெல்ல எதுவுமில்லை.

பலர் இந்த 0.15 ஐ ஒப்பிட்டுப் பார்த்தவுடன் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சமன்பாடு எத்தனை மூல் அளவுக்கு நடக்கிறது என்பதைச் சொல்லும் எண் அதுதான். அதை 3 ஆல் பெருக்கினால் காபனீரொட்சைட்டு 0.45 மூல், 4 ஆல் பெருக்கினால் நீர் 0.60 மூல், 1 ஆல் பெருக்கினால் எரிந்த புரப்பேன் 0.15 மூல். மிஞ்சிய புரப்பேன் 0.05 மூல். முழுக்கணக்கும் ஒரே எண்ணிலிருந்து வந்துவிட்டது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சில பிள்ளைகள் 0.15 ஐ ஒட்சிசனின் மூல் என்று எடுத்து, அதை மறுபடி 5 ஆல் வகுத்துவிடுவார்கள். இன்னும் சிலர் அவசரத்தில் வகுக்கவே மறந்து, 0.20 ஐயும் 0.75 ஐயும் நேரே ஒப்பிட்டு, "புரப்பேன்தான் குறைவு" என்று எழுதிவிடுவார்கள். இந்தப் பிழை விட்டால் எந்த அறிகுறியும் தெரியாது. விடை அழகாகவே வரும், பல்தேர்வில் அந்த விடையும் ஒரு தெரிவாகக் காத்திருக்கும்.

பியூட்டேன் வந்தால் இன்னொரு சங்கடம். அதன் ஒட்சிசன் குணகம் 6.5. கையால் 6.5 ஆல் வகுக்கிறபோது நேரம் போகும். குணகங்களை இரட்டித்து 2, 13, 8, 10 என்று எழுதினாலும் 13 ஆல் வகுக்கத்தான் வேண்டும்.

## இரண்டு பக்கத்தாலும் விளைவைக் கணிக்கும் வழி

புரப்பேன் முழுதும் எரிந்தால் 0.60 மூல் காபனீரொட்சைட்டு. ஒட்சிசன் முழுதும் தீர்ந்தால் 0.75 × 3 ÷ 5 = 0.45 மூல். சிறியதே விடை, 19.8 கிராம்.

கேள்வி ஒரு விளைவின் அளவை மட்டும் கேட்டால் இது நேரானது, விளங்கிக்கொள்ளவும் இலகு. "இரண்டில் எது முதலில் தீர்ந்து கையை விரிக்கிறது?" என்ற யோசனை இதில் வெளிப்படையாகத் தெரிவதால், முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைக்கு நல்லது. ஆனால் மிஞ்சியதைக் கேட்டால் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் கிராமுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுவது வீண் வேலை, மூலிலேயே ஒப்பிட்டுவிடலாம். ஒரு தாக்கியிலிருந்து காபனீரொட்சைட்டையும் மற்றதிலிருந்து நீரையும் கணித்து, அவற்றை ஒப்பிடுவது பெரிய பிழை. இரண்டு பக்கமும் ஒரே விளைவாக இருக்க வேண்டும்.

## தேவையையும் இருப்பையும் பார்க்கும் வழி

0.20 மூல் புரப்பேனுக்கு வேண்டிய ஒட்சிசன் 1.00 மூல். இருப்பது 0.75. போதாது, ஆகவே ஒட்சிசன்தான் எல்லைப்படுத்துகிறது. வீட்டில் அரிசியும் ஆட்களும் கணக்குப் பார்க்கிற அதே யோசனைதான், அதனால் மனதில் நிற்கும்.

எனக்கு இந்த வழியில் மிகவும் பிடித்தது இதன் சுருக்கம். எரிபொருளின் திணிவைப்போல எத்தனை மடங்கு ஒட்சிசன் வேண்டும் என்று ஒருமுறை கணித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

| எரிபொருள் | 1 கிராமுக்கு வேண்டிய ஒட்சிசன் (கிராம்) |
|---|---|
| ஐதரசன் | 8 |
| மெதேன் | 4 |
| புரப்பேன் | 3.64 |
| பியூட்டேன் | 3.59 |
| பென்சீன் | 3.08 |
| காபன் | 2.67 |
| எதனோல் | 2.09 |

காபனுக்கு 2.67, ஐதரசனுக்கு 8. ஐதரோகாபன் என்றால் இந்த இரண்டும்தான், ஆகவே எந்த ஐதரோகாபனும் இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில்தான் விழும். சமையல்வாயு, பெற்றோல், மண்ணெண்ணெய் எல்லாம் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. எதனோலில் ஏற்கெனவே ஒட்சிசன் இருப்பதால் குறைவாகக் கேட்கிறது.

இதன் பலனைப் பாருங்கள். "மெதேனும் ஒட்சிசனும் சமதிணிவில் கலக்கப்பட்டு எரிக்கப்பட்டன" என்று வினா தொடங்கினால், மூல் கணக்குப் போடாமலே ஒட்சிசன்தான் எல்லைப்படுத்தும் என்று சொல்லிவிடலாம். 16 கிராம், 16 கிராம் என்று வைத்துப் பாருங்கள்: மெதேன் 1 மூல், ஒட்சிசன் 0.5 மூல், காபனீரொட்சைட்டு 0.25 மூல், மிஞ்சும் மெதேன் 0.75 மூல். எங்கள் புரப்பேன் கணக்கிலும் 8.8 ஐ 3.6 ஆல் பெருக்கினால் 32க்குக் கிட்ட வருகிறது, இருப்பதோ 24. வேறு எந்த வழியில் செய்தாலும் இந்த ஒரு வரிப் பெருக்கலால் விடையைச் சரிபார்க்கலாம்.

வீட்டுக்கு எடுக்கிற 12.5 கிலோ காஸ் சிலிண்டரை முழுக்கப் பியூட்டேன் என்று வைத்துக் கணித்துப் பாருங்கள். ஏறத்தாழ 45 கிலோ ஒட்சிசன் வேண்டும், ஏறத்தாழ 38 கிலோ காபனீரொட்சைட்டு வரும். வளியில் கனவளவின்படி ஒட்சிசன் 21 சதவீதம்தான், ஆகவே அந்த ஒரு சிலிண்டர் 160 கன மீற்றர் அளவு வளியைக் கேட்கிறது. மூன்று மீற்றர் நீள, அகல, உயரமுள்ள குசினி ஆறு வேண்டும். யன்னல் ஏன் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

## அட்டவணை வழி

| | புரப்பேன் | ஒட்சிசன் | காபனீரொட்சைட்டு | நீர் |
|---|---|---|---|---|
| தொடக்கம் (மூல்) | 0.20 | 0.75 | 0 | 0 |
| மாற்றம் (மூல்) | −0.15 | −0.75 | +0.45 | +0.60 |
| முடிவு (மூல்) | 0.05 | 0 | 0.45 | 0.60 |
| முடிவு (கிராம்) | 2.2 | 0 | 19.8 | 10.8 |

எழுத நேரம் எடுக்கும். பல்தேர்வுக்கு இது பாரம். ஆனால் மூன்றாவது அளவுகோலில் இதற்கு நிகரில்லை. புரப்பேன்தான் எல்லைப்படுத்துகிறது என்று பிழையாக எடுத்திருந்தால், ஒட்சிசன் நிரலில் 0.75 − 1.00 = −0.25 என்று வந்திருக்கும். பாத்திரத்தில் மறை எண்ணில் ஒட்சிசன் இருக்க முடியாது. பிழை தானாகவே கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறது.

கடைசி வரியைக் கூட்டிப் பாருங்கள்: 2.2 + 19.8 + 10.8 = 32.8. தொடக்கத்தில் 8.8 + 24 = 32.8. திணிவுக் காப்பு சரி. அமைப்புக் கட்டுரை வினாவில் படிமுறைகளுக்குப் புள்ளி உண்டு என்பதால், நான்கு வரியும் தெளிவாக இருந்தால் ஓரிடத்தில் சறுக்கினாலும் மிச்சப் புள்ளி போகாது. பிறகு சமநிலைப் பாடத்துக்குப் போகும்போது இதே அட்டவணைதான் திரும்ப வரும், அதனால் இப்போதே பழகுவது நட்டமில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | குணகத்தால் வகுத்தல் | இரு விளைவு ஒப்பீடு | தேவை, இருப்பு | அட்டவணை |
|---|---|---|---|---|
| கை வேகம் | மிக வேகம் | மந்தம் | வேகம் | மிக மந்தம் |
| மிஞ்சியது கிடைக்குமா | கிடைக்கும், சின்ன எண் தெரிந்தால் | கிடைக்காது | மிகையான தாக்கி தெரியும், இன்னொரு படி வேண்டும் | நேரே கிடைக்கும் |
| பிழை கண்ணில் படுமா | படாது | படாது | ஓரளவு | படும் |
| குறைத் தகனத்தைத் தாங்குமா | இல்லை | இல்லை | எச்சரிக்கை மட்டும் தரும் | சமன்பாடு தெரிந்தால் மட்டும் |

கடைசி வரியைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

## ஒட்சிசன் தட்டுப்பட்டால் சமன்பாடே மாறும்

மேலே செய்த கணக்கில் 0.05 மூல் புரப்பேன் அப்படியே மிஞ்சியது. "பூரண தகனம்" என்று வினா சொன்னதால் அது சரி. ஆனால் உண்மையில் ஒட்சிசன் போதாமல் எரியும்போது, எரிபொருளின் ஒரு பகுதி ஒழுங்காக எரிந்து மற்றப் பகுதி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. பெரும்பாலும் அரைகுறையாகவே எரியும். காபனோரொட்சைட்டும் கரியும் வரும்.

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கும். சொட்டு மண்ணெண்ணெய், சின்னத் திரி, காற்றில் அணையாமல் இருக்கப் போத்தல். திரியைக் கொஞ்சம் உயர்த்தினால் சுவாலை நீளும், அதோடு போத்தலின் வாய்ப்பக்கம் கறுக்கத் தொடங்கும். உள்ளே வருகிற வளி அதேதான், ஆவியாகிற மண்ணெண்ணெய் மட்டும் கூடிவிட்டது. எல்லைப்படுத்தும் தாக்கி எரிபொருளிலிருந்து ஒட்சிசனுக்கு மாறிய இடத்தை அந்தக் கண்ணாடியில் கறுப்பாகவே பார்க்கலாம்.

இந்த வகைக் கணக்குக்கு ஐந்தாவது வழி ஒன்று வேண்டும்: அணுக்களை எண்ணுவது. அதே 0.20 மூல் புரப்பேன், அதே 0.75 மூல் ஒட்சிசன். "ஐதரசன் முழுதும் நீராகவும் காபன் முழுதும் காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டாகவும் மாறின" என்று வினா சொல்கிறது. காபன் அணு 0.60 மூல், ஐதரசன் அணு 1.60 மூல், ஒட்சிசன் அணு 1.50 மூல். ஐதரசன் முழுதும் நீரானால் நீர் 0.80 மூல், அதற்குப் போகும் ஒட்சிசன் அணு 0.80 மூல். மிச்சம் 0.70 மூல் ஒட்சிசன் அணுவை 0.60 மூல் காபன் பங்கிட வேண்டும். எல்லாக் காபனுக்கும் முதலில் ஒவ்வொன்று கொடுத்தால் 0.60 போய்விடும். மிஞ்சும் 0.10 இரண்டாவது ஒட்சிசனாகச் சேரும். ஆகவே காபனீரொட்சைட்டு 0.10 மூல், காபனோரொட்சைட்டு 0.50 மூல்.

திணிவைப் பாருங்கள்: நீர் 14.4, காபனீரொட்சைட்டு 4.4, காபனோரொட்சைட்டு 14.0. கூட்டினால் மறுபடியும் 32.8. போட்ட பொருள் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஆனால் காபனீரொட்சைட்டு 19.8 கிராமிலிருந்து 4.4 கிராமுக்கு இறங்கிவிட்டது. இரண்டு விடையும் திணிவுக் காப்பில் தேறுகின்றன. எந்த விடை சரி என்று தீர்மானிப்பது கணிக்கும் முறை இல்லை, வினாவில் உள்ள ஒரு சொல். "பூரண", "மிகையான ஒட்சிசனில்" என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்ட பிறகுதான் வழியைத் தெரிய வேண்டும்.

அணு எண்ணும் வழியின் செலவும் இருக்கிறது. ஐதரசன் முழுதும் நீராகும், கரி வராது என்ற நிபந்தனைகளை வினா தர வேண்டும். உண்மையான அடுப்பில் கரி, காபனோரொட்சைட்டு, எரியாத வாயு எல்லாம் கலந்து வரும், அந்த விகிதத்தை அளந்துதான் அறியலாம்.

இதை வெறும் பரீட்சை விசயமாக எடுக்க வேண்டாம். மாரி மழைக்குக் கரியடுப்பை வீட்டுக்குள் எடுத்து, கதவு யன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிடப் பலமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கைப் படித்த பிள்ளை வீட்டில் அதைச் சொல்ல வேண்டும்.

## கனவளவில் தந்தால்

வாயுக்களின் கனவளவு தந்திருந்தால் மூலுக்கே போக வேண்டாம். ஒரே வெப்பநிலை, ஒரே அமுக்கத்தில் வாயுக்கள் எளிய முழு எண் விகிதத்தில் தாக்கமுறும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி கேலுசாக் 1808 இல் சொன்னார். குணகமே கனவளவு விகிதம். 10 கன சென்ரிமீற்றர் புரப்பேன், 40 கன சென்ரிமீற்றர் ஒட்சிசன் என்றால் 8 எரியும், 24 காபனீரொட்சைட்டு வரும், 2 புரப்பேன் மிஞ்சும். அறை வெப்பநிலைக்குக் குளிரவிட்டால் நீர் திரவமாகிவிடும், ஆகவே 50 ஆக இருந்தது 26 ஆகும். நீர் ஆவியாகவே இருக்கிற வெப்பநிலை என்றால் இன்னும் 32 கூடும். இந்த இடத்தில்தான் புள்ளி போகிறது.

## விளைச்சல் கேட்டால்

சதவீத விளைச்சலுக்குரிய அறிமுறை விளைச்சல் (கணக்கின்படி வர வேண்டிய அளவு), எல்லைப்படுத்தும் தாக்கியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பூரண தகனக் கணக்கில் 9.72 கிராம் நீர் சேகரிக்கப்பட்டதென்றால் 9.72 ÷ 10.8, அதாவது 90 சதவீதம். தவறிப் புரப்பேனிலிருந்து கணித்தால் 14.4 கிராம் என்று எடுத்து 67.5 சதவீதம் என்று எழுதுவீர்கள். இதற்கு அட்டவணை வழிதான் பாதுகாப்பு, கீழ் வரியில் அறிமுறை விளைச்சல் எழுதியே இருக்கும்.

ஆய்வுகூடத்தில் மக்னீசியத்தை எரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2.4 கிராம் மக்னீசியம் முழுதும் ஒட்சைட்டானால் 4.0 கிராம். புடக்குகையில் அளந்தால் பெரும்பாலும் குறைவாக வரும். மூடியைத் திறக்கும்போது வெண்புகையாக ஒட்சைட்டு போவது ஒரு காரணம். வளியிலுள்ள நைதரசனோடு கொஞ்சம் மக்னீசியம் சேர்ந்து நைத்திரைட்டாவது இன்னொன்று. 2.4 கிராமும் நைத்திரைட்டானால் 3.3 கிராம்தான் நிறுக்கும். சில துளி நீர் விட்டு மறுபடி பலமாகச் சூடாக்கினால் நைத்திரைட்டு ஒட்சைட்டாக மாறிவிடும்.

## அப்போ யார் எதை எடுப்பது

பல்தேர்வுக்கு: குணகத்தால் வகுத்தல், பக்கத்தில் மூன்றரை மடங்குச் சரிபார்ப்பு. இரண்டும் சேர்ந்து அரை நிமிடம்.

அமைப்புக் கட்டுரைக்கும் கட்டுரை வினாவுக்கும் அட்டவணை. எல்லைப்படுத்தும் தாக்கியைக் குணகத்தால் வகுத்துக் கண்டுபிடித்து, அதே சின்ன எண்ணை ஒவ்வொரு குணகத்தாலும் பெருக்கி அட்டவணையின் "மாற்றம்" வரியில் போடுங்கள். இரண்டு வழியையும் எதிராளிகளாகப் பார்க்கத் தேவையில்லை.

கணக்கே பயம் என்கிற பிள்ளைக்கும், தானாகப் படிக்கிறவருக்கும் தேவை, இருப்பு வழியில் தொடங்குவது நல்லது. இரு விளைவு ஒப்பீட்டை விளங்கிக்கொள்வதற்காக ஒருமுறை செய்துவிட்டு விடலாம். பரீட்சைக்கு அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். காபனோரொட்சைட்டு என்ற சொல் வினாவில் தென்பட்டால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அணுக்களை எண்ணுங்கள்.

ஒரு பயிற்சி: 5.8 கிராம் பியூட்டேன், 16 கிராம் ஒட்சிசன், கரி வரவில்லை, பியூட்டேன் மிஞ்சவில்லை, ஐதரசன் முழுதும் நீரானது. 6.5 ஆல் வகுக்கிற வேலையே இல்லாமல் நீர் 9.0 கிராம், காபனீரொட்சைட்டு 4.4 கிராம், காபனோரொட்சைட்டு 8.4 கிராம் என்று வர வேண்டும். வரவில்லையென்றால் ஒட்சிசன் அணுவை 0.5 மூல் என்று எடுத்தீர்களா, 1.0 மூல் என்று எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.